கணிதமும் புள்ளியியலும் பட்டப்படிப்பாக: தேர்ந்தெடுப்பது, படிப்பது, பணிக்குச் செல்வது

பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வு முடிவு வெளியானதும், கலை அறிவியல் கல்லூரிகளின் விண்ணப்பத்தில் கணிதம், கணினிப் பயன்பாட்டுடன் கூடிய கணிதம், புள்ளியியல், தரவு அறிவியல் என்று ஏறத்தாழ ஒரே சாயலில் நான்கு பெயர்கள் அடுத்தடுத்து நிற்கின்றன. கல்லூரி எவ்வளவு தூரம், விடுதி உண்டா, கட்டணம் எவ்வளவு என்ற மூன்று கேள்விகளுக்கு விடை தேடிய பிறகு, பாடத்தை மட்டும் யாரோ சொன்னதை நம்பிக் குறித்துவிடும் குடும்பங்களே மிகுதி. அந்த மூன்று கேள்விகளும் தேவையானவைதாம். அவற்றோடு நான்காவதாக ஒன்றைக் கேட்க வேண்டும்: மூன்றாண்டு முடிவில் மதிப்பெண் பட்டியலில் எந்தெந்தத் தாள்களின் பெயர் இருக்கும்? எந்தத் தேர்வை எழுத முடியும், எந்தப் பணிக்கு விண்ணப்பிக்க முடியும் என்பதைப் பட்டத்தின் பெயரைக் காட்டிலும் இந்தத் தாள்களே முடிவு செய்கின்றன.

பாடத்திட்டத்தை முதலில் படியுங்கள்

பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் தங்கள் பாடத்திட்டத்தை இணையத்தில் வெளியிடுகின்றன. விண்ணப்பிக்கும் முன் அதைப் பதிவிறக்கி, ஆறு பருவங்களிலும் உள்ள முதன்மைப் பாடங்களையும் துணைப்பாடங்களையும் ஒரு தாளில் எழுதிக்கொள்ளுங்கள். பி.எஸ்சி. கணிதம் என்றால் வகை நுண்கணிதம், தொகை நுண்கணிதம், வகைக்கெழுச் சமன்பாடுகள், முப்பரிமாணப் பகுமுறை வடிவியல் ஆகியவற்றில் தொடங்கி, நுண்புல இயற்கணிதம், மெய்ப் பகுப்பாய்வு, நேரியல் இயற்கணிதம், கலப்பெண் பகுப்பாய்வு, நிலையியல், இயங்கியல் என்று போகும். பி.எஸ்சி. புள்ளியியலில் நிகழ்தகவு, பரவல்கள், கூறெடுப்பு முறைகள், மதிப்பீட்டுக் கோட்பாடு, கருதுகோள் சோதனை, பரிசோதனை வடிவமைப்பு, காலத்தொடர் ஆகியவை வரும். கணிதம் பெரும்பாலும் துணைப்பாடமாக இருக்கும். தரவு அறிவியல் என்ற பெயரில் நடக்கும் பட்டங்கள் கல்லூரிக்குக் கல்லூரி வெகுவாக மாறுபடுகின்றன. நிகழ்தகவுக்கும் நேரியல் இயற்கணிதத்துக்கும் தனித்தனி முழுத் தாள்கள் இல்லாமல் மென்பொருள் பெயர்களால் நிரம்பிய பாடத்திட்டத்தை நான் பரிந்துரைக்க மாட்டேன். மென்பொருள் ஐந்தாண்டில் மாறிவிடும். அந்த இரண்டு பாடங்களும் மாறுவதில்லை.

தாள்களின் பெயர் எவ்வளவு முக்கியம் என்பதற்கு மத்திய அரசுத் தேர்வுகளே சான்று. மத்தியப் பணியாளர் தேர்வாணையம் நடத்தும் இந்தியப் புள்ளியியல் பணித் தேர்வுக்கு, இளநிலையில் புள்ளியியலை ஒரு பாடமாகப் படித்திருக்க வேண்டும், அல்லது புள்ளியியலில் முதுநிலைப் பட்டம் பெற்றிருக்க வேண்டும். கணிதத்தில் எவ்வளவு உயர்ந்த மதிப்பெண் வைத்திருந்தாலும், புள்ளியியலைப் பாடமாகத் தொடாதவர் அந்தத் தேர்வை எழுத முடியாது. மத்திய அரசின் பணியாளர் தேர்வு ஆணையம் (எஸ்.எஸ்.சி.) நடத்தும் பட்டதாரி நிலைத் தேர்வில் இரண்டு பதவிகளுக்கு இடையிலேயே விதி மாறுகிறது. இளநிலைப் புள்ளியியல் அலுவலர் பதவிக்கு, பன்னிரண்டாம் வகுப்புக் கணிதத்தில் 60 விழுக்காடு இருந்தால் எந்தப் பட்டமும் போதும். புள்ளியியல் ஆய்வாளர் இரண்டாம் நிலைக்கோ, மூன்றாண்டுகளிலும், அதாவது ஆறு பருவங்களிலும், புள்ளியியலைப் படித்திருக்க வேண்டும். ஓராண்டு மட்டும் துணைப்பாடமாகப் படித்தது அதற்குப் போதாது.

ஆகவே, கணிதம் எடுப்பவர்கள் துணைப்பாடத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு இருந்தால் புள்ளியியலை எடுத்துக்கொள்ளுங்கள் என்பதே என் கருத்து. இயற்பியல் அழகான துணைதான். இயங்கியலில் விருப்பம் உள்ளவருக்கு அது பொருந்தும். ஆனால் எதிர்காலம் எந்தப் பக்கம் என்று இன்னும் தெளிவாகாத மாணவருக்குப் புள்ளியியல் கூடுதலான தேர்வுகளுக்கு வழிவிடும். புள்ளியியலை முதன்மைப் பாடமாக எடுக்க விரும்புவோர், அந்தக் கல்லூரி பன்னிரண்டாம் வகுப்பில் எந்தப் பிரிவினரைச் சேர்க்கிறது என்று விசாரித்துக்கொள்ள வேண்டும். வணிகக் கணிதமும் புள்ளியியலும் படித்த மாணவர்களை ஏற்கும் புள்ளியியல் துறைகள் உண்டு. கணிதப் பட்டத்துக்குப் பொதுவாகக் கணிதப் பாடமே தேவைப்படும்.

எங்கே படிக்கலாம்

தமிழ்நாட்டு அரசுக் கலை அறிவியல் கல்லூரிகளில் கட்டணம் மிகக் குறைவு. சேர்க்கை ஒரே இணைய விண்ணப்பத்தின் வழியாக நடக்கிறது. ஆறாம் வகுப்பிலிருந்து பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்த மாணவியருக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், மாணவர்களுக்கு 2024-இல் தொடங்கிய தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கிறது. இதைக் குறைவான தொகை என்று ஒதுக்க வேண்டாம். பேருந்துச் செலவுக்கும் நூல்களுக்கும் அது தாங்கும். புள்ளியியலுக்குச் சென்னையில் மாநிலக் கல்லூரி, இலயோலா கல்லூரி, தாம்பரம் கிறித்தவக் கல்லூரி ஆகியவற்றில் நெடுங்காலத் துறைகள் உள்ளன. முதுநிலைக்குச் சென்னைப் பல்கலைக்கழகம், அண்ணாமலைப் பல்கலைக்கழகம், திருநெல்வேலி மனோன்மணியம் சுந்தரனார் பல்கலைக்கழகம் போன்றவை இருக்கின்றன.

மாநிலக் கல்லூரியின் பெயரைச் சொல்லும்போது சீனிவாச வரதனை நினைக்காமல் இருக்க முடியாது. 1940-இல் சென்னையில் பிறந்த அவர் அங்கே 1959-இல் பட்டம் பெற்றது கணிதத்தில் அன்று, புள்ளியியல் ஆனர்ஸ் படிப்பில். கொல்கத்தாவின் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்குப் போனபோதும் தொழிற்சாலைத் தரக் கட்டுப்பாட்டுப் பக்கம் போகும் எண்ணமே அவருக்கு இருந்தது. அங்கிருந்த சக ஆய்வு மாணவர்களின் தூண்டுதலால் நிகழ்தகவுக் கோட்பாட்டுக்குள் நுழைந்தார். 2007-இல் கணிதத்தின் மிக உயரிய விருதுகளுள் ஒன்றான ஏபெல் பரிசைப் பெற்றார். புள்ளியியல் அறிஞர் சி. ஆர். ராவ் எதிர்த்திசையில் வந்தவர். ஆந்திரப் பல்கலைக்கழகத்தில் கணிதத்தில் முதுநிலை முடித்துவிட்டு, பிறகு கொல்கத்தாவில் புள்ளியியலுக்கு வந்தார். அவர் 1945-இல் எழுதிய கட்டுரையிலிருந்து பிறந்த, ஒரு மதிப்பீட்டின் பிழை எவ்வளவு வரை குறைய முடியும் என்று சொல்லும் கிராமர்–ராவ் எல்லையை இன்று இளநிலை மாணவர்கள் மதிப்பீட்டுக் கோட்பாட்டுத் தாளில் படிக்கிறார்கள். பதினேழு வயதில் எடுக்கும் முடிவு வாழ்நாள் முழுவதையும் கட்டிவிடும் என்று அஞ்சும் பெற்றோருக்கு இந்த இருவரையும் காட்டுவது என் வழக்கம்.

கணிதத்தில் ஆழ்ந்த ஆர்வமும் கடும் உழைப்பும் உள்ளவர்கள் நுழைவுத் தேர்வு எழுதிச் சேரும் நிறுவனங்களையும் கருத வேண்டும். சென்னையை அடுத்த சிறுசேரியில் உள்ள சென்னைக் கணிதக் கழகம், 1989-இல் சி. எஸ். சேஷாத்ரி நிறுவியது, கணிதமும் கணினி அறிவியலும் சேர்ந்த ஆனர்ஸ் பட்டம் அதன் சிறப்பு. பி. சி. மகலனோபிஸ் 1931-இல் தொடங்கிய இந்தியப் புள்ளியியல் நிறுவனம் கொல்கத்தாவில் புள்ளியியலுக்கான பி.ஸ்டாட். படிப்பையும் பெங்களூரில் கணிதத்துக்கான பி.மேத். படிப்பையும் நடத்துகிறது. இவ்விரு நிறுவனங்களின் தேர்வுகளும் வாய்ப்பாட்டில் எண்ணைப் போட்டு விடை காண்பவை அல்ல. காரணத்தைப் படிப்படியாக எழுதிக் காட்ட வேண்டிய கேள்விகள் அவற்றில் உண்டு. பதினொன்றாம் வகுப்பு முதலே பழைய வினாத்தாள்களை எடுத்து, ஒரு கேள்வியோடு ஒரு மாலை முழுவதும் போராடப் பழகியவர்களே அவற்றில் தேறுகிறார்கள். இவை தவிர, ஐசர் எனப்படும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சிக் கழகங்களில் ஐந்தாண்டு ஒருங்கிணைந்த படிப்பும் உள்ளது. இவற்றில் இடம் கிடைக்கவில்லையென்றால் வருந்த வேண்டாம். உள்ளூர்க் கல்லூரியில் நன்றாகப் படித்தவர்கள் முதுநிலையில் இதே நிறுவனங்களுக்குச் செல்ல வழி இருக்கிறது.

முதலாண்டில் மாற வேண்டிய பழக்கம்

பள்ளிக் கணக்கில் நூற்றுக்கு நூறு வாங்கியவர் மெய்ப் பகுப்பாய்வுத் தாளில் தடுமாறுவதை எல்லாக் கல்லூரிகளிலும் காணலாம். அறிவு குறைந்துவிட்டது என்று அந்த மாணவர் நினைத்துக்கொள்கிறார். உண்மையில் பாடம் கேட்கும் வேலை மாறியிருக்கிறது. பள்ளியில் விடை காண்பது வேலை. கல்லூரியில் ஒரு கூற்று ஏன் உண்மை என்று ஐயத்துக்கு இடமின்றி எழுதுவது வேலை. தேற்றங்களை வரிக்கு வரி மனப்பாடம் செய்து தேர்வில் எழுதித் தேறிவிடலாம் என்பது இன்றும் நடைமுறையில் இருக்கிறது. அப்படித் தேறியவருக்கு மூன்றாம் ஆண்டு முடிவில் கையில் எதுவும் மிஞ்சுவதில்லை என்பதை நான் வருத்தத்தோடு சொல்கிறேன்.

ஒரு தேற்றத்தை எப்படிப் படிக்க வேண்டும் என்று ஓர் எடுத்துக்காட்டால் பார்க்கலாம். மூடியதும் வரம்புடையதுமான ஓர் இடைவெளியில் தொடர்ச்சியான சார்பு ஒன்று தன் மீப்பெரு மதிப்பை அந்த இடைவெளியிலேயே அடையும் என்பது முதல் ஆண்டிலோ இரண்டாம் ஆண்டிலோ வரும் தேற்றம். நிறுவலுக்குள் நுழையும் முன், இதில் மூடியது, வரம்புடையது, தொடர்ச்சியானது என்று மூன்று நிபந்தனைகள் இருப்பதைக் கவனியுங்கள். ஒவ்வொன்றையும் நீக்கிப் பாருங்கள். கொடுத்த எண்ணை அப்படியே திருப்பித் தரும் சார்பை 0-க்கும் 1-க்கும் இடைப்பட்ட திறந்த இடைவெளியில் எடுத்துக்கொண்டால், மதிப்பு 1-ஐ நெருங்கிக்கொண்டே போகும். ஆனால் 1 அந்த இடைவெளியில் இல்லாததால் மீப்பெரு மதிப்பே கிடையாது. அதே சார்பை 0 முதல் முடிவிலி வரை எடுத்தால் இடைவெளி மூடியதுதான், ஆனால் வரம்பு இல்லை. மதிப்பு எல்லையின்றி வளரும். இனி 0 முதல் 1 வரையிலான மூடிய இடைவெளியில், 1-இல் மட்டும் மதிப்பை 0 என்று மாற்றிவிடுங்கள். இப்போது தொடர்ச்சி அறுந்துவிட்டது. மீப்பெரு மதிப்பும் போய்விட்டது. இந்த மூன்று எதிர்க்காட்டுகளையும் நீங்களே உருவாக்கிய பிறகு நிறுவலைப் படித்தால், எந்த வரியில் எந்த நிபந்தனை பயன்படுகிறது என்பது தானாகக் கண்ணில் படும். அதன்பின் நூலை மூடிவிட்டு, வெற்றுத் தாளில் நிறுவலை எழுதுங்கள். தடைப்படும் இடத்தில் மட்டும் நூலைத் திறந்து, அந்த ஒரு வரியைப் பார்த்துவிட்டு மீண்டும் மூடுங்கள்.

இப்படிப் படித்தால் ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகலாம். அது மந்தம் அன்று. கணிதத்தின் இயல்பான வேகமே அதுதான். நாள்தோறும் இரண்டு மணி நேரம் இவ்வாறு ஒதுக்குபவர், பருவத் தேர்வுக்கு முன் இரவு பகலாகப் படிப்பவரை ஓராண்டில் தாண்டிவிடுவார். இரண்டு மூன்று பேர் சேர்ந்து வாரம் ஒருமுறை கரும்பலகையில் ஒருவருக்கொருவர் நிறுவிக் காட்டுவது மிகுந்த பயன் தரும். கேட்பவர் எங்கே குறுக்கிட்டு "அது எப்படி?" என்று கேட்கிறாரோ, அங்கேதான் நமக்கே புரியாத இடம் இருக்கும். ஆசிரியரிடம் ஐயம் கேட்கச் செல்லும்போதும் "புரியவில்லை" என்று மட்டும் சொல்லாமல், எந்த வரி வரை வந்தீர்கள், அடுத்து என்ன முயன்றீர்கள் என்று எழுதியதைக் காட்டுங்கள்.

தமிழ் வழியில் படித்துவிட்டு ஆங்கில வழிக் கல்லூரி வகுப்பில் அமரும் மாணவர்களுக்கு முதல் பருவம் கடினமாகவே இருக்கும். அவர்கள் தனியாக ஒரு குறிப்பேடு வைத்து, ஒவ்வொரு வரையறையையும் ஆங்கிலத்தில் எழுதி, அதற்குக் கீழே அதன் பொருளைத் தமிழில் தம் சொற்களில் எழுதி, ஓர் எடுத்துக்காட்டையும் சேர்த்தால், கலைச்சொல்லும் கருத்தும் ஒன்றாகவே மனத்தில் பதியும். ஒரு தாளுக்குப் புதிய சொற்கள் சில டஜனைத் தாண்டாது; இரண்டு பருவத்தில் அந்தத் தடை கரைந்துவிடும். முழுக்கத் தமிழ் வழியிலேயே பட்டம் வரை படிப்பவர்கள், மாநில அரசுப் பணிகளில் தமிழ் வழியில் படித்தோருக்கு 20 விழுக்காடு முன்னுரிமை ஒதுக்கீடு இருப்பதை அறிந்திருக்க வேண்டும். 2020-இல் செய்த திருத்தத்தின்படி, பட்டத்தை மட்டுமன்றிப் பள்ளிக் கல்வியையும் தமிழ் வழியில் படித்திருந்தால்தான் அது கிடைக்கும். பள்ளிச் சான்றுகளை அப்போதே வாங்கி வைத்துக்கொள்வது நல்லது.

புள்ளியியலுக்குத் தேவையான கண்

புள்ளியியலைப் பட்டியல்களையும் வாய்ப்பாடுகளையும் கொண்ட பாடமாகவே பலர் படித்து முடிக்கிறார்கள். எந்தச் சோதனையை எப்போது போடுவது என்று ஓர் அட்டவணையை மனப்பாடம் செய்துவிட்டால் மதிப்பெண் வந்துவிடுகிறது. ஆனால் அந்த எண் என்ன சொல்கிறது என்று நேர்காணலில் கேட்டால் வாய் அடைத்துவிடுகிறது. ஒரு நாணயத்தை 100 முறை சுண்டியதில் 60 முறை தலை விழுந்தது என்று வைத்துக்கொள்வோம். நாணயம் நேர்மையானதா? நேர்மையான நாணயத்தில் எதிர்பார்ப்பு 50, திட்ட விலக்கம் 5. ஆகவே 60 என்பது இரண்டு திட்ட விலக்கம் தள்ளி நிற்கிறது. அறுபதோ அதற்கு மேலோ விழ நிகழ்தகவு ஏறத்தாழ 2.8 விழுக்காடு; இரு பக்க விலகலையும் சேர்த்தால் ஏறத்தாழ 5.7 விழுக்காடு. ஐந்து விழுக்காடு என்ற வழக்கமான எல்லையை வைத்தால், ஒருபுறச் சோதனை நாணயத்தைக் குற்றம் சொல்கிறது, இருபுறச் சோதனை விட்டுவிடுகிறது. தரவு ஒன்றுதான், கேட்ட கேள்வி வேறு. கேள்வியைத் தரவைப் பார்க்கும் முன்பே முடிவு செய்ய வேண்டும் என்று ஆசிரியர்கள் வலியுறுத்துவதன் காரணம் இங்கே புலப்படுகிறது. கணக்கிட்ட பிறகு, கணினியில் ஒரு சிறு நிரல் எழுதி, 100 சுண்டல்களைப் பத்தாயிரம் முறை பாவனையாக நடத்தி, எத்தனை முறை தலை அறுபதோ அதற்கு மேலோ விழுகிறது என்று எண்ணிப் பாருங்கள். கோட்பாட்டில் வந்த விடை கண்முன்னே வரும்போது ஏற்படும் தெளிவு வேறு எதிலும் கிடைப்பதில்லை.

இந்தப் பாடம் மனித வாழ்வைத் தொடும் விதத்துக்கும் நம் ஊரிலேயே சான்று இருக்கிறது. 1950-களில் காசநோயாளிகளைச் சானடோரியம் எனப்படும் தனி மருத்துவமனையில் வைத்துத்தான் குணப்படுத்த முடியும் என்று உலகம் நம்பியது. 1956-இல் சென்னையில் தொடங்கிய காசநோய் மருந்துச் சிகிச்சை மையம், நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரு குழுவாகப் பிரித்து, ஒரு குழுவுக்கு வீட்டிலும் மற்றொரு குழுவுக்குச் சானடோரியத்திலும் ஒரே மருந்துகளைக் கொடுத்து ஒப்பிட்டது. நெரிசலான வீடுகளில், குறைவான உணவோடு இருந்தவர்களும் ஏறத்தாழ அதே அளவில் குணமானார்கள். உடன் வாழ்ந்தவர்களுக்கு அதனால் கூடுதலாக நோய் பரவவும் இல்லை. 1959-இல் வெளிவந்த அந்த முடிவு உலகெங்கும் காசநோய்ச் சிகிச்சையை வீட்டுக்குக் கொண்டுவந்தது. மருத்துவரே தம் விருப்பப்படி பிரித்திருந்தால், நலிந்தவர்களைச் சானடோரியத்துக்கு அனுப்பியிருப்பார். ஒப்பீடு பொருளற்றுப் போயிருக்கும். பரிசோதனை வடிவமைப்புத் தாளில் வரும் குலுக்கல் ஒதுக்கீடு என்ற ஒரு சொல்லுக்குப் பின்னால் எத்தனை உயிர்கள் இருக்கின்றன என்பதை மாணவர் உணர்ந்து படிக்க வேண்டும்.

கணினிப் பக்கத்தில் இரண்டே மொழிகள் போதும். புள்ளியியல் மாணவர் ஆர் மொழியிலும் கணித மாணவர் பைத்தானிலும் தொடங்கலாம், இரண்டும் இலவசம். இரண்டாம் ஆண்டில் தரவுத்தள வினவலுக்கான எஸ்கியூஎல் மொழியைக் கற்றுக்கொள்ளுங்கள். பகுப்பாய்வு வேலைகளில் பெரும்பகுதி நேரம் அதில்தான் கழிகிறது. ஆய்வுப் பக்கம் செல்ல நினைப்பவர்கள் கணிதக் கட்டுரைகளை அச்சுக்கு அமைக்கும் லேட்டெக் தட்டச்சைப் பழக வேண்டும். நல்ல ஆசிரியர் வாய்க்காத தாள்களுக்கு என்பிடெல் தளத்தில் ஐ.ஐ.டி. பேராசிரியர்களின் முழு வகுப்புகளும் கட்டணமின்றிக் கிடைக்கின்றன.

முதுநிலைக்குச் செல்லும் வழி

இந்தத் துறையில் இளநிலையோடு நின்றுவிடுவதை நான் ஊக்குவிப்பதில்லை. ஆசிரியப் பணி, ஆய்வு, ரிசர்வ் வங்கியின் புள்ளியியல் பிரிவு, மருத்துவப் புள்ளியியல் என்று நல்ல பணிகளில் பெரும்பாலானவை முதுநிலையை எதிர்பார்க்கின்றன. ஐ.ஐ.டி.களின் எம்.எஸ்சி. சேர்க்கைக்கான ஜாம் தேர்வில் கணிதம், கணிதப் புள்ளியியல் என இரண்டு தனித் தாள்கள் உள்ளன. தேர்வு மூன்று மணி நேரம், 60 வினாக்கள், 100 மதிப்பெண். ஒரு விடையைத் தேர்ந்தெடுக்கும் வினாக்களில் மட்டும் தவறுக்கு மதிப்பெண் கழிப்பார்கள். பல விடை வினாக்களிலும் எண் விடை வினாக்களிலும் கழிவு கிடையாது. தேர்வு பிப்ரவரியில் நடப்பதால், விண்ணப்பம் மூன்றாம் ஆண்டுத் தொடக்கத்திலேயே, செப்டம்பரை ஒட்டி வந்துவிடும். ஐந்தாம் பருவம் முடியட்டும் என்று காத்திருந்து நாளைத் தவறவிடுபவர்கள் ஒவ்வோர் ஆண்டும் இருக்கிறார்கள். மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு முதுநிலைப் பொது நுழைவுத் தேர்வு. இந்தியப் புள்ளியியல் நிறுவனத்துக்கும் சென்னைக் கணிதக் கழகத்துக்கும் அவற்றின் சொந்தத் தேர்வுகள்.

இதற்கு ஆயத்தமாகச் சிறிய ஊர்க் கல்லூரி மாணவர்களுக்குக் கிடைத்த பெரும் வாய்ப்பு எம்.டி.டி.எஸ். எனப்படும் கணிதப் பயிற்சிக் கோடைமுகாம். 1993-இல் பேராசிரியர் எஸ். குமரேசன் தொடங்கிய இந்த நான்கு வார முகாமில், ஆசிரியர் சொல்லிக்கொடுப்பதைவிட மாணவர் தாமே கண்டுபிடிப்பதற்கே இடம் அதிகம். ஆசிரியரின் பரிந்துரைக் கடிதம் தேவைப்படும் என்பதால், உங்கள் உழைப்பை அறிந்த ஆசிரியர் ஒருவராவது கல்லூரியில் இருக்குமாறு பார்த்துக்கொள்ளுங்கள். தேசிய உயர்கணித வாரியம் முதுநிலைக்கும் முனைவர் பட்டத்துக்கும் உதவித்தொகை வழங்குகிறது.

பணிகள்

ஆசிரியப் பணியைத் தாழ்வாகப் பேசும் வழக்கம் எனக்கு உடன்பாடில்லை. நல்ல கணித ஆசிரியர் ஒருவர் ஓர் ஊரின் போக்கையே மாற்றுகிறார். பள்ளிப் பணிக்குப் பட்டத்தோடு இரண்டாண்டு பி.எட்., பட்டதாரி ஆசிரியருக்குத் தகுதித் தேர்வு, முதுநிலை ஆசிரியருக்கு ஆசிரியர் தேர்வு வாரியத்தின் போட்டித் தேர்வு ஆகியவை வேண்டும். கல்லூரிப் பணிக்கு முதுநிலையில் 55 விழுக்காடும், தேசியத் தகுதித் தேர்வான நெட் அல்லது மாநிலத் தகுதித் தேர்வான செட் தேர்ச்சியோ முனைவர் பட்டமோ தேவை. கணித அறிவியலுக்கான சி.எஸ்.ஐ.ஆர். நெட் தேர்வு 200 மதிப்பெண் கொண்டது. புள்ளியியலும் அதே தாளுக்குள் வருகிறது. அதன் மூன்றாம் பகுதியில் ஒரு கேள்விக்கு ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம். எல்லாவற்றையும் சரியாகக் குறித்தால் மட்டுமே மதிப்பெண். மனப்பாடம் அங்கே உதவாது. மேலே சொன்ன எதிர்க்காட்டுப் பழக்கம்தான் உதவும். இளநிலை ஆய்வு உதவித்தொகையோடு தேறுபவருக்கு முதல் இரண்டாண்டுகள் மாதம் 37,000 ரூபாய் கிடைக்கும்.

அரசுத் துறையில் இந்தியப் புள்ளியியல் பணி உயர்ந்தது. 21 முதல் 30 வயது வரை எழுதலாம்; வயதுத் தளர்வு உரியவர்களுக்கு உண்டு. புள்ளியியலில் மட்டும் நான்கு தாள்கள், ஒவ்வொன்றும் 200 மதிப்பெண். முதல் இரண்டு கொள்குறி வகை, அடுத்த இரண்டு விரிவாக எழுதுபவை. முதுநிலைப் பாடத்தை முறையாகப் படித்தவருக்கு, குடிமைப் பணித் தேர்வைக் காட்டிலும் இது நேரான பாதை. ஆனாலும் நம் கல்லூரிகளில் பலருக்கு இப்படி ஒரு தேர்வு இருப்பதே தெரியவில்லை. மாநிலத்தில் பொருளியல் மற்றும் புள்ளியியல் துறைப் பணியிடங்களுக்குத் தமிழ்நாடு அரசுப் பணியாளர் தேர்வாணையம் தேர்வு நடத்துகிறது.

காப்பீட்டுத் துறையின் ஆக்சுவரி பணி, எத்தனை பேர் எந்த வயதில் இறப்பார்கள், எவ்வளவு இழப்பீடு கேட்பார்கள் என்று மதிப்பிட்டுக் காப்பீட்டுக் கட்டணத்தையும் ஒதுக்கீட்டு நிதியையும் கணிக்கும் வேலை. இந்திய ஆக்சுவரிகள் கழகத்தின் ஏசெட் நுழைவுத் தேர்வைப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்தவுடனே எழுதலாம். அதற்குப் பிறகு பத்துக்கும் மேற்பட்ட தாள்களைத் தேற வேண்டும். பலரும் வேலை பார்த்துக்கொண்டே ஆண்டுக்கணக்கில் எழுதி முடிக்கிறார்கள். ஊதியம் உயர்ந்ததுதான், ஆனால் ஊதியத்தை மட்டும் நினைத்து இதில் இறங்க வேண்டாம். இளநிலையிலேயே புள்ளியியல், நிதிக் கணிதம் ஆகிய முதல் தாள்களில் ஒன்றிரண்டைத் தேறிப் பார்த்துவிட்டு, இந்த வேலை நமக்குப் பிடிக்கிறதா என்று முடிவு செய்வதே நிதானமான வழி.

மருத்துவப் புள்ளியியல் இன்னும் போதிய கவனம் பெறாத துறை. வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியில் இதற்கென முதுநிலைப் படிப்பு உள்ளது. சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனம் போன்ற ஆய்வு மையங்களும், மருந்துப் பரிசோதனைத் தரவுகளைக் கையாளும் தனியார் நிறுவனங்களும் புள்ளியியலாளர்களை எடுக்கின்றன. வங்கிகளில் கடன் இடர் மதிப்பீடும், சென்னை, பெங்களூரு நிறுவனங்களில் தரவுப் பகுப்பாய்வும் பெருவாரியான வாய்ப்புகளைத் தருகின்றன. அந்த நேர்காணல்களில் நிகழ்தகவுப் புதிர் ஒன்று, தொடர்புப் போக்கின் (ரெக்ரஷன்) எடுகோள்கள் பற்றிய கேள்வி ஒன்று, வினவல் மொழியில் ஒரு பயிற்சி ஆகியவை ஏறத்தாழ உறுதி. இணையத்தில் எல்லோரும் செய்யும் மாதிரித் திட்டங்களைத் தற்குறிப்பில் அடுக்குவதைவிட, உங்கள் மாவட்டத்தின் மழைப்பொழிவு அல்லது உள்ளூர்ச் சந்தையின் தக்காளி விலை போன்ற ஒரு தரவை நீங்களே திரட்டி, விடுபட்ட பதிவுகளை என்ன செய்தீர்கள், எந்த முடிவை ஏன் சொல்லத் தயங்கினீர்கள் என்று எழுதிய ஒரே திட்டம் தேர்வாளரின் கவனத்தை அதிகம் ஈர்க்கும்.

இறுதிப் பருவத்தில் ஒரு சிறு வேலையை மறக்காமல் செய்துவிடுங்கள். நீங்கள் படித்த ஆண்டுக்குரிய பாடத்திட்டத்தின் முழுப் படியை எடுத்து, துறைத் தலைவரிடம் கையொப்பமும் முத்திரையும் வாங்கி வையுங்கள். புள்ளியியலை எத்தனை பருவம் படித்தீர்கள் என்று சான்று காட்டவும், பயன்பாட்டுக் கணிதம் போன்ற பெயர் மாறிய பட்டங்கள் ஆசிரியர் பணிக்குக் கணிதத்துக்கு இணையானவையா என்ற கேள்வி எழும்போதும், வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் தாள்வாரியாக விவரம் கேட்கும்போதும் அந்தப் படி தேவைப்படும். கல்லூரிகள் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை பாடத்திட்டத்தை மாற்றுகின்றன. பழையதை இணையதளத்திலிருந்து எடுத்துவிட்டால், பிறகு அலுவலகத்தில் தேடி வாங்குவது எளிதன்று.